‘ஸ்பில் த பீன்ஸ்’, ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’: எதை எங்கே ஆள்வது?

‘ஸ்பில் த பீன்ஸ்’ (அவரை விதைகளைச் சிந்துவது), ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ (பூனையைப் பையிலிருந்து வெளியே விடுவது) என்னும் இரண்டு ஆங்கிலத் தொடர்களும் இரகசியத்தை வெளியிடுவதையே குறித்தாலும், முழுமையாக ஒன்றுக்கொன்று ஈடாகா. விசாரணையில் நெருக்கப்பட்ட கூட்டாளி, யார் திட்டமிட்டார், பணம் எங்கே இருக்கிறது என்று அனைத்தையும் கக்கிவிடும்போது ‘ஸ்பில் த பீன்ஸ்’ கச்சிதமாகப் பொருந்தும். “சொல்லித் தொலையேன்” என்று தோழியை வற்புறுத்தும் ஏவலாகவும் அதுவே வரும். பிறந்தநாள் விருந்தை மறைத்து ஏற்பாடு செய்திருக்கையில், பிறந்தநாள்காரரிடமே “சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?” என்று ஒருவர் வாய்தவறிக் கேட்டுவிட்டால், அங்கே பூனைத் தொடரே இயல்பானது. ‘த கேட் இஸ் அவுட் ஆஃப் த பேக்’ என்று, சொன்னவரைக் குறிப்பிடாமல், இனி மறைக்க இயலாத நிலையை மட்டும் சுட்டவும் அதனால் முடியும். நம் நாளிதழ்களின் ‘பூனைக்குட்டி வெளியே வந்தது’ இதன் வழிவந்ததே.

பூனைத் தொடர் 1760இலேயே இலண்டன் இதழொன்றில் அச்சேறியது. பீன்ஸ் தொடரோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க வழக்கு. பண்டைய கிரேக்கர் அவரை விதைகளால் வாக்களித்த கதையை அதற்கு மூலமாகக் காட்டுவோர் உண்டு. சுவையான கதைதான், சான்றில்லை. அலுவலக அறிக்கைகளில் இரண்டையும் தவிர்த்து ‘டிஸ்க்ளோஸ்’ என்று எழுதுவதே முறை.