"நூறு சதவீதம் வேலை உறுதி" என்கிற சவுண்ட் இன்ஜினியரிங் படிப்பில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இசைப் பொறியியல், சவுண்ட் இன்ஜினியரிங், மியூசிக் புரொடக்‌ஷன் என்று எந்தப் பெயரில் படிப்பு நடத்தினாலும் அட்மிஷன் மேசையில் சொல்வது ஒன்றுதான்: "படிச்சு முடிச்சதும் வேலை, ஆரம்பமே நல்ல சம்பளம்." நான் படித்த தனியார் நிறுவனம் அதை அச்சடித்தே கொடுத்தது. வேலை பெற்றவர்கள் நூறு சதவீதம். அதற்குக் கீழே, சராசரிச் சம்பளம் என்று ஒரு தொகை. இரண்டு எண்ணும் எப்படி வந்தன என்று படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. சேரப் போகிறவர்களுக்கு அது முன்னாடியே தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த நூறு. படிப்பு முடிந்ததும் ஒரு ஸ்டுடியோவுக்கு இன்டர்னாக அனுப்பினார்கள். சம்பளம் கிடையாது. ரெக்கார்டிங் முடிந்ததும் மைக் ஸ்டாண்டுகளை மடக்க வேண்டும், கேபிள்களைச் சுற்றி வைக்க வேண்டும். அந்த வேலையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஒரு சுற்று மேலே, அடுத்த சுற்று கீழே என்று முறுக்கு ஏறாமல் கேபிள் சுற்றத் தெரியாதவரை நல்ல லைவ் குழு எதுவும் மேடைப் பக்கம் விடாது. ஆனால் பைசா வாங்காமல் அங்கே இருந்தபோதே, வேலை கிடைத்தவர்கள் பட்டியலில் என் போட்டோ ஏறிவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டரோடு வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த நண்பர்களும் "ஃப்ரீலான்ஸ் புரொடியூசர்" என்ற பெயரில் அதே பட்டியலில் இருந்தார்கள். இப்படிக் கணக்குப் போட்டால் வேலை இல்லாதவர் என்று யார் மிஞ்சுவார்?

சம்பளக் கணக்கு இதைவிட மோசம். இந்தத் துறையில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளமே இல்லை. மிக்ஸிங்குக்குப் பாட்டுக் கணக்கு, லைவ் சவுண்டுக்கு நிகழ்ச்சிக் கணக்கு, படப்பிடிப்பு இடத்தில் ஒலிப்பதிவு செய்ய நாள் கணக்கு. வேலை வந்தால் தொடர்ந்து வரும், இல்லையென்றால் வாரக்கணக்கில் போன் அடிக்காது. பிறகு ஒருநாள் பிளேஸ்மென்ட் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குறீங்க?" என்று கேட்டார்கள், சொன்னேன். வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் வேலை பார்த்ததுபோல அதைப் பெருக்கி, அடுத்த பிரசுரத்தில் என் ஆண்டு வருமானமாகப் போட்டிருந்தார்கள். நிஜமான சராசரியே ஏமாற்றக்கூடியது: ஒன்பது பேர் ஆளுக்கு ஒரு பங்கும் பத்தாவது ஆள் பத்துப் பங்கும் சம்பாதித்தால் சராசரி 1.9 பங்கு. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். சராசரியைக் கேட்காதீர்கள். வரிசையில் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று கேளுங்கள்.

பாடத்துக்கு வருகிறேன். விளம்பரப் படத்தில் இருந்த, பெரிய கன்சோல் (ஒலிக்கலவை மேசை) உள்ள அறை எப்போதும் பூட்டியே கிடந்தது. பெரும்பாலும் லேப்டாப்பில் பிளக்-இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) காட்டினார்கள். ஒரு லைவ் சவுண்டு கம்பெனி நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "பாடகர் மைக்ல சத்தம் வரல. எங்கிருந்து பாப்பீங்க?" கண்டென்சர் மைக் (இயங்க மின்சாரம் தேவைப்படும் வகை) என்றால் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் போகிறதா, கேபிள் சரியா, மேடையில் மைக் கேபிள்களைச் செருகும் ஸ்டேஜ் பாக்ஸில் எந்தச் சேனல், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), மியூட், ரூட்டிங் (சிக்னல் போகும் வழி) என்று வரிசையாகப் போக வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி இது. அத்தனை கட்டணம் வாங்கியவர்கள் ஒரு வகுப்புகூட இதற்கு ஒதுக்கவில்லை.

நிலையான சம்பளம் உள்ள இடங்கள் இல்லாமல் இல்லை. ஒளிபரப்பு, வசன எடிட்டிங், அரங்குகளில் ஒலிக் கருவி நிறுவுதல், கேம் ஆடியோ, கட்டட ஒலியியல் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித் தேர்ச்சி கேட்கும். ஒலியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் ஆழமாக வேண்டும். கேம் ஆடியோவுக்கு வைஸ், எஃப்மோட் மாதிரி மென்பொருள் பழக வேண்டும். நிகழ்ச்சிகளின் சத்தத்தை ஒரே அளவில் வைக்கச் சொல்லும் ஆர் 128 பரிந்துரையை ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-இல் கொண்டுவந்ததிலிருந்து, அதைப் பின்பற்றும் தொலைக்காட்சிகளில் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (லவுட்னஸை, அதாவது காதுக்குக் கேட்கும் சத்த அளவை, அளக்கும் அலகு) என்பது அன்றாடப் பேச்சு. எங்கள் பாடத்திட்டத்தில் லவுட்னஸ் என்ற தலைப்பே கிடையாது.

சான்றிதழிலும் இதே கதைதான். "புரோ டூல்ஸ் சான்றிதழ்" (புரோ டூல்ஸ் என்பது ஒலிப்பதிவு மென்பொருள்) என்று சொல்லிவிட்டு, நிறுவனத்தின் சொந்த முத்திரை குத்திய தாளைத்தான் கொடுத்தார்கள். புரோ டூல்ஸைத் தயாரிக்கும் ஏவிட் தனக்கென்று தேர்வுகள் வைத்திருக்கிறது, அங்கீகரித்த பயிற்சி மையங்களும் உண்டு. நீங்கள் சேரும் இடம் அதில் இருக்கிறதா, தேர்வுக் கட்டணம் உங்கள் கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேர்த்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை எங்கள் விஷயத்தில் "அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பட்டியலிலிருந்து என் பெயரையும் போட்டோவையும் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. அதுமாதிரி ஒரு பட்டியலை உங்களிடம் நீட்டினால், அவர்களே பொறுக்கித் தரும் ஆளோடு நிற்காமல், நீங்களாகப் பட்டியலின் நடுவிலிருந்து சிலரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். போன மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது, அந்தப் பணம் கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள்.