குல்மார்க் பனிச்சறுக்குப் பயணத்துக்குக் காசு கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள்

டிசம்பர் விடுமுறைக்குக் காஷ்மீர் குல்மார்க்கில் ஸ்கீ (காலுக்கொரு பலகை கட்டிச் சறுக்குவது), ஸ்னோபோர்ட் (இரு காலுக்கும் ஒரே பலகை) பழகலாம் என்று மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பிரயாண முகவர் மறுபடியும் முகநூலில் விளம்பரம் போடத் தொடங்கியிருக்கிறார். போன முறை அதே விளம்பரத்தைப் பார்த்துக் காசு கட்டிப் போனவர்கள் நாங்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் எங்களுக்கு நடந்ததை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து விசாரித்துக்கொண்டிருப்பவர்களும் அறிய வேண்டும்.

ஆளுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கினார். விமான டிக்கெட், ஹோட்டல், கொண்டோலா (மலைக்கு மேலே ஏற்றும் கேபிள் கார்), மூன்று நாள் பயிற்சி, சாமான் வாடகை, காப்புறுதி எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார். "தம்பி, நீங்க உடுப்பை மட்டும் அடுக்கிக்கொண்டு வாங்க, மிச்சமெல்லாம் எங்கட பொறுப்பு." பனி விழுந்திருக்குமா என்று மச்சாள் கேட்டதற்கு, "டிசம்பர் எண்டா பனிதானே தங்கச்சி, நூறு வீதம் இருக்கும்" என்றார்.

அந்த நூறு வீதத்தை யாராலும் தர முடியாது. குல்மார்க்கில் டிசம்பர் நடுப்பகுதிக்கு முன் பனி நிச்சயமில்லை. 'சில்லாய் கலான்' என்று காஷ்மீரிகள் சொல்லும் 40 நாள் கடுங்குளிரே டிசம்பர் 21இல்தான் தொடங்குகிறது. நல்ல ஆழமான பனி ஜனவரி, பெப்ரவரியில் கிடைக்கும். அதுவும் எல்லா வருடமும் இல்லை. 2024 ஜனவரியில் பல வாரம் பனியே விழாமல் குல்மார்க் சரிவுகள் காய்ந்து கிடந்தன. எங்களை அவர் அனுப்பியது டிசம்பர் முதல் வாரத்தில். அடிவாரத்தில் புல்லுக்கு மேல் மெல்லிய படைதான் இருந்தது. அந்தத் திகதியில் டிக்கெட் மலிவு, அதனால்தான் அந்தத் திகதி.

ஹோட்டலும் குல்மார்க்கில் இல்லை. 13 கிலோமீற்றர் கீழே, தங்மார்க்கில். பனி கூடினால் அந்த மலைப்பாதையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வாகனமோ நான்கு சக்கர இழுவை ஜீப்போதான் ஏறும். ஒவ்வொரு காலையும் அந்தக் கூலியை நாங்களே கொடுத்தோம். டெல்லியில் அவருடைய ஆள் வாங்கித் தந்த பிரீபெய்ட் சிம் ஸ்ரீநகரில் இறங்கியதும் செத்துவிட்டது. இந்தியாவின் வேறு மாநிலத்து பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. காஷ்மீருக்கு ஆள் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. ஹோட்டல் வைஃபை கிடைக்கும் நேரத்தில் மட்டும்தான் அவரைப் பிடிக்க முடிந்தது. பிறகு அதற்கும் பதில் இல்லை.

கொண்டோலாவுக்கு இரண்டு கட்டம், இரண்டு தனி டிக்கெட். முதற்கட்டம் கொங்டூரி வரை. இரண்டாவது அஃபர்வாட் மலைத்தோளில், கிட்டத்தட்ட 3,950 மீற்றர் உயரத்தில் கொண்டுபோய் விடும். விளம்பரப் படத்தில் இருந்தது மேல் கட்டம், எங்களுக்குத் தந்தது கீழ்க்கட்டம். இந்த டிக்கெட்டை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கூட்டுத்தாபனத்தின் இணையத்தளத்தில் நாமே எடுக்கலாம். கூட்டமான நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். உண்மையில் முதன்முறை பழகுகிறவருக்கு மேல் கட்டம் வேண்டியதும் இல்லை. அங்கே சரிவுகள் இயற்கையாக விட்டபடி கிடக்கின்றன, பனிச்சரிவு அபாயம் உண்டு. 2023 பெப்ரவரியில் அஃபர்வாட் பக்கம் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அந்தப் படத்தைக் காட்டிப் புதியவர்களிடம் காசு வாங்குவதே தப்பு.

உயரத்தைப் பற்றியும் அவர் வாயே திறக்கவில்லை. நமது பிதுருதலாகலை 2,524 மீற்றர். குல்மார்க் ஊரே ஏறத்தாழ 2,650 மீற்றர். வாவிக்கரையில் வளர்ந்தவர்களை வந்து சேர்ந்த மறுநாளே மேலே ஏற்றியதில் மச்சாளுக்குத் தலையிடியும் வாந்தியும்.

எனக்கு இன்னும் ஆறாதது சாமான் விசயம். ஸ்கீ சப்பாத்தைப் பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் அளந்துதான் தர வேண்டும். அதைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்று காலைக் காப்பாற்றும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை ஆளின் நிறை, உயரம், வயது, திறமை, சப்பாத்தின் அடி நீளம் பார்த்துத் திருகி வைப்பார்கள். ஸ்னோபோர்ட் என்றால் இடது கால் முன்னா, வலது கால் முன்னா என்று முதலில் கேட்பார்கள். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு குவியலைக் காட்டி எடுக்கச் சொன்னார்கள். சித்தியின் மகன் மெதுவாகப் போய்த்தான் விழுந்தான். பைண்டிங் கழலவில்லை, முழங்கால் திருகிவிட்டது. காப்புறுதிப் பத்திரத்தைத் திறந்து பார்த்தால், குளிர்கால விளையாட்டுகளில் ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு இல்லை என்று எழுதியிருக்கிறது. ஸ்கீ பயணத்துக்கென்று விற்ற காப்புறுதி!

பயிற்றுநர் நல்ல மனுசன். மூன்று நாள் பயிற்சி என்று நாங்கள் சொன்னதும் திகைத்துப் போனார். தனக்குத் தந்தது ஒரு மணித்தியாலக் காசு மட்டும்தான் என்று கைபேசியில் இருந்த செய்தியையே காட்டினார். தம்பியைத் தோளில் தாங்கி வாகனம் வரை கொண்டுவந்ததும் அவர்தான். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஊர் திரும்பிக் கேட்டபோது முகவர் சொன்னது, "அது அந்த நாட்டு ஆக்கள் செய்த வேலை, நாங்க என்ன செய்ற?" காசு வாங்கியது அந்த நாட்டு ஆட்கள் இல்லை. கந்தோர்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு. பிரதேச செயலகத்தில் எந்தக் கடைக்காரரும் எடுக்கலாம். விமான டிக்கெட் விற்கும் முகவருக்கு இலங்கை சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்தோம், எழுத்திலும் கொடுத்தோம். பொலிஸிலும் முறைப்பாடு பதிந்தோம். அதற்குப் பிறகுதான் பயிற்சிக்கான காசில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ஹோட்டல் வித்தியாசமும் தம்பியின் வைத்தியச் செலவும் இன்னும் வரவில்லை.

இந்த டிசம்பருக்கு ஏற்கனவே முற்பணம் கட்டியவர்கள், மீதியைக் கட்டுவதற்கு முன் ஹோட்டல் எந்த ஊரில், கொண்டோலா எந்தக் கட்டம், பயிற்சி எத்தனை மணித்தியாலம், பனி இல்லாவிட்டால் எவ்வளவு காசு திரும்பும் என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காப்புறுதிப் பத்திரத்தைப் பயண நாளில் அல்ல, இப்போதே கேளுங்கள். வங்கி வைப்புச் சீட்டையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்க வேண்டாம். எங்களைப் போலவே இவரிடம் போய் ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், முறைப்பாட்டில் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.