ஜிஎல்பி-1 எலைசா கிட்: வன்னியில் எதை வாங்குவது?

ஜிஎல்பி-1 என்பது குடல் சுரக்கும் ஒரு ஹோர்மோன். இரத்தத்தில் அதை அளக்க, கொழும்பு முகவர்கள் ஊடாக வரும் எலைசா (பிறபொருளெதிரி கொண்டு அளக்கும் முறை) கிட்களில் இரண்டு வகை உண்டு: ஆக்டிவ், ரோட்டல். எதை எடுத்தாலும் விலை இலட்சங்களில்தான். ஆராய்ச்சி என்றாலே ஆக்டிவ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓடர் கொடுப்பவர்கள் பலர். முல்லைத்தீவிலோ துணுக்காயிலோ இரத்தம் எடுத்து, வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ அளக்கப்போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் வீண் செலவு.

குறை கிட்டில் இல்லை. குடலின் எல் கலங்கள் சுரக்கும் ஜிஎல்பி-1 இரத்தத்தில் கலந்ததும், டிபிபி-4 என்ற நொதியம் அதன் முன்முனையில் இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தரித்துவிடும். உடலுக்குள் அரைவாழ்வு 1–2 நிமிடம்தான். குழாய்க்குள் வந்த பிறகும் அந்த நொதியம் சும்மா இருப்பதில்லை. ஆக்டிவ் கிட்டின் பிறபொருளெதிரி வெட்டுப்படாத முனையை மட்டுமே பிடிக்கும். ரோட்டல் கிட் வெட்டுப்பட்ட 9-36 துண்டையும் சேர்த்துப் பிடிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு குடல் எவ்வளவு சுரந்தது என்பதே கேள்வி என்றால், ரோட்டல்தான் சரியான தெரிவு. வழியில் ஏற்படும் தாமதத்தையும் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

ஆக்டிவ்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் கிட்டுக்கு முன் குழாயைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வெறும் ஈடிடிஏ குழாய் போதாது. டிபிபி-4 தடுப்பி ஏற்கெனவே இட்ட குழாய் வேண்டும். இல்லையேல் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்துக்கு வழக்கமாக 10 மைக்ரோலீற்றர் தடுப்பியை, எடுத்த அரை நிமிடத்துக்குள் சேர்க்க வேண்டும். 8–10 தடவை மெல்லக் கவிழ்க்கவும், குலுக்க வேண்டாம். குலுக்கினால் செங்கலம் உடைந்து பிளாஸ்மா சிவக்கும். அந்த இரத்த மாதிரி பிறகு அளவீட்டுக்கு உதவாது.

குளிரூட்ட மீன்வாடி ஐஸ் போதும். ரெஜிபோம் பெட்டியில் ஐஸை நொறுக்கித் தண்ணீர் ஊற்றி, குழாயை அந்தக் கலவைக்குள் நிறுத்த வேண்டும். வெறும் ஐஸ்கட்டி குழாயை அங்கங்கேதான் தொடும். ஆனால் முழு இரத்தமாக மாங்குளம் சந்தி தாண்டிக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். இரத்தம் எடுத்த இடத்திலேயே 4 பாகையில் 1000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, பிளாஸ்மாவை 250 மைக்ரோலீற்றர் அளவில் பிரித்து, மறை 80 பாகையில் வைக்க வேண்டும். குளிரூட்டி உள்ள சுழற்சி இயந்திரம் அங்கே இல்லையென்றால் ஆக்டிவ் கிட்டை மறந்துவிடலாம். உறைபனி தானாக உருகும் வகை வீட்டு பிரிட்ஜின் மேல்தட்டும் சரிவராது. அது இடையிடையே தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும்.

இனித் தகடு. 96 குழியில் வெற்றுக் குழி உட்பட நியமங்கள் (செறிவு தெரிந்த கரைசல்கள்) 8, சரிபார்க்கும் கட்டுப்பாடுகள் 2. எல்லாம் இரட்டையாக இட்டால் 20 குழி போய்விடும். மிச்சம் 76, அதாவது 38 மாதிரி. நாற்பது பேரின் ஆய்வுக்கு ஒரு கிட் போதும் என்று திட்டத்தில் எழுதுவோர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. சாப்பிடுமுன், பின் என்று இரு தடவை எடுத்தால் 19 பேருக்குத்தான் காணும்.

கிட் கேட்கும் அறை வெப்பநிலை பொதுவாக 20–25 பாகை. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் நிறம் தரும் டிஎம்பி கரைசல் விரைவாக நீலமாகும், வெற்றுக் குழியும் நிறம் காட்டும், ஓரக் குழிகள் நடுக் குழிகளுக்கு ஒத்துவராது. இரட்டைக் குழிகளின் வேறுபாட்டுக் குணகம் 10 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் ஓரத்தையும் கழுவலையும் சந்தேகிக்கவும். கழுவும் கரைசலைக் கிணற்று நீரில் கலக்கவே கூடாது. வன்னிக் கிணறுகளின் கடினம் தெரிந்ததுதானே. அயன் நீக்கிய நீர் வேண்டும். செறிவுக் கரைசலில் பளிங்கு படிந்திருந்தால் மெல்லச் சூடாக்கிக் கரைத்த பிறகே ஐதாக்க வேண்டும். சோடியம் ஏசைட்டு உள்ள எந்தத் திரவமும் கிட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது: டிஎம்பிக்கு நிறமூட்டும் பெரொட்சிடேசு நொதியத்தை அது முடக்கிவிடும். மின்வெட்டில் தகட்டை ஆட்டும் கருவி நின்றால் பிணைப்புக் குறையும். கருவிக்கு ஒரு யூபிஎஸ் கட்டாயம்.

எண்களை வாசிப்பதிலும் ஒரு சிக்கல். வெறும் வயிற்றில் ஆக்டிவ் ஜிஎல்பி-1 லீற்றருக்குச் சில பிக்கோமோல்தான், பல கிட்களின் கீழ் எல்லைக்கு அருகில். அங்கே வரும் 1.8க்கும் 2.3க்கும் வித்தியாசம் பேசுவது வீண். நியம வளைவை நேர்கோடாக இழுக்காமல் நான்கு பரமான (4PL) வளைவாகப் பொருத்தவும். சில கிட்கள் மில்லிலீற்றருக்கு பிக்கோகிராமில் தரும், 3.3 ஆல் வகுத்தால் லீற்றருக்குப் பிக்கோமோல். சிற்றாகிளிப்டின் போன்ற டிபிபி-4 தடுப்பி மருந்து எடுப்பவரின் ஆக்டிவ் அளவு இயல்பாகவே உயர்ந்திருக்கும். பயோட்டின் (ஒரு விற்றமின்) குளிசை போடுபவரில், பயோட்டின்–ஸ்ட்ரெப்டவிடின் முறைச் சான்ட்விச் (இரு பிறபொருளெதிரிகளால் பிடிக்கும்) கிட் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். சந்தேகமான மாதிரியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஐதாக்கி அளக்கவும். திருத்திய விடை ஒன்றாக வராவிட்டால் ஏதோ குறுக்கிடுகிறது.

வவுனியாப் பக்கச் சிறுநீரக நோய் ஆய்வுகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் புரதமான என்ஜிஏஎல்லைச் சிறுநீரில் அளக்கும் கிட் எடுப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அந்தப் புரதம் உறுதியானது. வெயிலில் வேலை செய்பவரின் சிறுநீர் செறிந்திருக்கும் என்பதால் கிரியாற்றினினுக்குச் சார்பாக்கிச் சொன்னால் போதும்.

ஓடர் கொடுக்குமுன் முகவரிடம் மூன்றைக் கேட்கவும். வாசிப்பு 450 நனோமீற்றர் உறிஞ்சலா, ஒளிர்வா? ஆக்டிவ் கிட்கள் சில ஒளிர்வில் ஓடுபவை. சாதாரண எலைசா வாசிப்பான் அவற்றைப் பார்க்காது. குழிகள் கழற்றக்கூடிய கீற்றுகளா? முழுத் தகடாக வந்தால் மிச்சம் பிடிக்க முடியாது. காலாவதிக்கு எத்தனை மாதம் உண்டு, எல்லாப் பெட்டியும் ஒரே லொட் இலக்கமா? பெட்டி இரவு பஸ்ஸில் வருமென்றால் உள்ளே ஜெல் ஐஸ் உறைந்த நிலையில் இருக்கிறதா என்று தரிப்பிடத்திலேயே திறந்து பார்த்துக் கையெழுத்து வைக்கவும்.