மாறுநிலைக்கு அருகே ஒளிச்சிதறல்: சராசரியை அளப்பதா, துடிப்பை அளப்பதா?

நைட்ரோஈத்தேனையும் 3-மெத்தில்பென்டேனையும் உரிய விகிதத்தில் கலந்து, 26 டிகிரி செல்சியஸை ஒட்டிய மாறுநிலை வெப்பநிலையை (அதற்குக் கீழே கலவை இரண்டு திரவங்களாகப் பிரியும்) நோக்கி மெல்லக் குளிர்வித்தால், கலவைக்குள் இடத்துக்கு இடம் விகிதம் ஏறி இறங்குவது பெருகி, அது ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகிறது. அந்த ஏற்ற இறக்கங்கள் எவ்வளவு தொலைவுக்குப் பரவியுள்ளன என்பதைக் குறிக்கும் தொடர்புறு நீளத்தை அறிய இரண்டு வழிகள் உள்ளன.

நிலை ஒளிச்சிதறலில், பல கோணங்களில் சராசரி ஒளிச்செறிவை அளந்து, இயற்பியலாளர்கள் ஆர்ன்ஸ்டைனும் செர்னிகேயும் 1914-இல் தந்த, ஒளிச்செறிவை இந்த நீளத்தோடு இணைக்கும் சமன்பாட்டில் பொருத்துகிறோம். கலவையின் பாகுநிலை இங்கே தேவைப்படுவதில்லை. ஆனால் மாறுநிலைக்கு 3 கெல்வின் தள்ளி அந்த நீளம் ஏறத்தாழ 4 நானோமீட்டர்தான் என்பதால், 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசரைக் கொண்டு பார்த்தால், முன்னும் பின்னும் சிதறும் ஒளிக்கு இடையிலான வேறுபாடு ஓரிரு விழுக்காடுதான்; திரவத்தில் மிதக்கும் சிறிது தூசியே அதை விழுங்கிவிடும்.

இயங்கு ஒளிச்சிதறலில், ஒளிச்செறிவின் துடிப்பு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதிலிருந்து விரவல் குணகத்தை (திரவங்கள் ஒன்றுக்குள் ஒன்று பரவும் வேகத்தின் அளவு) பெற்று, அதிலிருந்து நீளத்தைக் கணக்கிடுகிறோம். இது கோண வேறுபாட்டை நம்பியிருப்பதில்லை. ஆயினும் பாகுநிலையைத் தனியே அளந்தாக வேண்டும். மாறுநிலையிலிருந்து தொலைவில், அதனோடு தொடர்பற்ற விரவலின் பங்கையும் கழிக்க வேண்டும். ஆகவே மாறுநிலையை நெருங்கும்போது நீளம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைச் சொல்லும் அடுக்கெண், ஏற்ற இறக்கங்களைப் புறக்கணிக்கும் பழைய சராசரிப்புலக் கோட்பாடு சொன்ன 0.5 அல்ல, 0.63 என்று காட்டுவதே நோக்கமானால், ஒரு கெல்வினுக்கு உட்பட்ட பகுதியில் நிலை ஒளிச்சிதறலையே முதன்மையாகக் கொண்டு, மற்றதைச் சரிபார்க்கப் பயன்படுத்துவேன்.

இன்னும் நெருங்கினால், ஒருமுறை சிதறிய ஒளி மீண்டும் சிதறி இரண்டு முறைகளையும் ஏமாற்றுகிறது. இங்கே முறையைவிடக் கலவையின் தேர்வே முக்கியம்: நைட்ரோஈத்தேன், 3-மெத்தில்பென்டேன் ஆகியவற்றின் ஒளிவிலகல் எண்கள் 1.39, 1.38 என நெருங்கியிருப்பதால் சிதறல் மட்டுப்படுகிறது. ஐசோபியூட்டிரிக் அமிலமும் நீரும் கலந்த கலவையில் அவை 1.39, 1.33, மாறுநிலை வெப்பநிலை அதற்கும் 26 டிகிரியை ஒட்டியதுதான், ஆனால் அமிலத்தின் ஊசிப்போன வெண்ணெய் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3 மில்லிகெல்வின் தொலைவில் நீளம் 300 நானோமீட்டரைத் தாண்டும்போது, மாறுநிலை வெப்பநிலையை 1 மில்லிகெல்வின் பிழையோடு குறித்திருந்தால்கூட, எந்த முறையில் பெற்ற புள்ளியும் அந்த அடுக்கெண் தரும் வரைகோட்டிலிருந்து விலகிவிடும்.