ஒரே காலை, மூன்று போர்த்தடம்: சிங்கப்பூரில் எங்கே நடக்கலாம்?

1942 பிப்ரவரியில் பிரிட்டிஷார் கையிலிருந்த சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த கதையைக் காட்டுக்குள் நடந்தபடியே தெரிந்துகொள்ள மூன்று இடங்கள் இருக்கின்றன: கெண்ட் ரிட்ஜ், லேப்ரடார், புக்கிட் தீமா. கையில் ஒரு காலைதான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கெண்ட் ரிட்ஜுக்குப் போங்கள்.

பாசிர் பாஞ்சாங் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி மேட்டில் ஏறினால் கெண்ட் ரிட்ஜ் முகட்டிலுள்ள புக்கிட் சண்டு, அதாவது அபின் மலை. பிப்ரவரி 13, 14 தேதிகளில் பிரிட்டிஷ் தரப்பின் மலாய் ரெஜிமெண்ட் இந்த முகட்டில்தான் நின்று சண்டை போட்டது. தலைப்பாகை கட்டி, பிரிட்டிஷ் இந்தியப் படை மாதிரி வேஷம் போட்டு ஜப்பானியர் வந்தார்கள். பிரிட்டிஷ் வழக்கப்படி மூன்று மூன்று பேராக வர வேண்டியவர்கள் நான்கு நான்காக வந்ததை மலாய் ரெஜிமெண்டின் லெஃப்டினன்ட் அட்னான் சைடி கவனித்துவிட்டார், உடனே சுடச் சொன்னார். கடைசியில் கைகலப்பு வரை போனது, அவரும் அங்கேயே உயிரை விட்டார். இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சரிவில் நின்று கீழே பார்த்தால் நெஞ்சு கனத்துப் போகிறது. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் ராணுவக் கிடங்குகளும் ஆஸ்பத்திரியும் இருந்த அலெக்சாண்ட்ரா, நடுவில் இந்த முகடு. இதை ஏன் விட்டுக்கொடுக்க முடியாது என்று அந்த இடமே சொல்லிவிடும். அப்புறம் 280 மீட்டர் மரப்பாலத்தில், மர உச்சிகளின் உயரத்திலேயே, ஹார்ட்பார்க் என்ற தோட்டப் பூங்கா பக்கம் நடக்கலாம். இயற்கைக் காப்பகம் என்ற பெயர் மட்டும் இதற்கு இல்லை, இது பூங்காதான்.

லேப்ரடார் 2002-இலிருந்து காப்பகம். பாறையும் கடலுமாக அழகான இடம், நடையும் சுலபம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. பழைய கோட்டை வாசலும் பீரங்கி மேடைகளும் இருக்கின்றன. ஆனால் அவை கடல்வழி வரும் கப்பல்களுக்காகக் கட்டியவை, எதிரியோ வடக்கே ஜொகூர் நீரிணையைக் கடந்து வந்தான். அதனால் இங்கே கோட்டையைப் பார்க்கலாம், போர்க்களத்தை உணர முடியாது.

புக்கிட் தீமாதான் உண்மையான காடு. 163 மீட்டர்தான் உயரம், ஆனாலும் தார்ச்சாலை செங்குத்தாக ஏறும், வியர்வையில் சட்டை பிழிய வேண்டியிருக்கும், குரங்குகள் பையைப் பிடுங்கும். எரிபொருளும் உணவும் வெடிமருந்தும் இந்த வட்டாரத்தில்தான் குவிந்திருந்தன, பிப்ரவரி 11-இல் இது கைமாறியதும் நகரத்தின் மூச்சு திணற ஆரம்பித்தது. மலைக்குள் அதைச் சொல்லும் அடையாளம் குறைவு என்பதுதான் என் வருத்தம். அதனால் இறங்கி வந்ததும் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போய்விடுங்கள். பிப்ரவரி 15 மாலை பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்திட்ட கட்டடம் அது.

கால் தாங்குமென்றால் காலையில் கெண்ட் ரிட்ஜ், வெயில் தாழ்ந்ததும் ஃபோர்டு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், புக்கிட் சண்டுவிலும் தொழிற்சாலையிலும் காட்சிக்கூடம் பூட்டியிருக்கும்.