கூத்துப் பாட்டுப் பதிய நாலு மைக்: மூன்று வருடம் பாவித்த பிறகு

என் பெரியப்பா, இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிப்பவர். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டம் (அவரவர் பாட்டு எழுதிய ஏடு) கொடுத்து, சலங்கை கட்டி, அரங்கேற்றம் வரை கொண்டுபோனவர். அவருக்கு எழுபது வயது தாண்டியபோது, அவர் கையடியையும் அவருக்குப் பாடமாக இருக்கும் பாட்டுகளையும் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம் வந்தது. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் 10 அடிக்கு 12 அடி அறை ஒன்று சும்மா கிடந்தது. ஒலிப்பதிவு பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. பாட ஒருவர், பிற்பாட்டுக்கு ஒருவர், மத்தளம், சல்லரி என்னும் கைத்தாளம். இத்தனையும் ஒரே நேரத்தில் லப்டொப்புக்குள் போக வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பதிந்து பிறகு சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். கூத்துக்கு அது சரிவராது. பாடுகிறவர் ஒரு வரியை இழுத்தால் மத்தளம் அவருக்காகக் காத்து நிற்கும். மத்தளம் முடுக்கினால் பாட்டும் கூடவே ஓடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தால்தான் அது கூத்துப் பாட்டு.

முதலில் இரண்டு யூஎஸ்பி மைக் வாங்கினேன். அது பிழை. விண்டோஸில் பதிவு மென்பொருள் ஏசியோ என்ற ஒலி டிரைவர் வழியாக ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் எடுக்கும். ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். சேர்ந்தது, ஆனால் நிலைக்கவில்லை. ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும், பதியும் வேகத்தை அளக்கும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டும் ஒரே வேகம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நுணுக்கமாகப் பார்த்தால் ஒன்றல்ல. ஐந்து நிமிடப் பாட்டில் அது தெரியாது. இருபது நிமிடம் தொடர்ந்து பாடினால் கடைசியில் சல்லரியும் மத்தளமும் விலகி நிற்கும். நடுவில் டக் டக் என்று வெட்டும் சத்தம் வேறு.

அடுத்தது, கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் மச்சான் ஒருவரிடம் இரவல் வாங்கிய மிக்சர். ஆறு மைக் குத்தலாம், யூஎஸ்பியும் உண்டு. இதுதான் விடை என்று நினைத்தேன். நாலு பேரையும் வைத்து ஒரு முழு இரவு பதிந்துவிட்டுக் காலையில் திறந்து பார்த்தால், எல்லாம் குழைந்து இடம், வலம் என்று இரண்டே தடமாகக் கிடந்தது. மத்தளம் கூடிப்போய் பாட்டை அமுக்குகிறது. அதை மட்டும் குறைக்க வழி இல்லை. யூஎஸ்பி உள்ள சிறிய மிக்சர்களில் பல, கொம்பியூட்டருக்கு இரண்டு தடம் மட்டுமே அனுப்பும். வாங்கப் போகிறவர்கள் எத்தனை மைக் குத்தலாம் என்று கேட்கக் கூடாது. எத்தனை தடம் தனித்தனியாகக் கொம்பியூட்டருக்குப் போகும் என்று கேட்க வேண்டும். அந்த இரவைத் திரும்பப் பதிய முடியவில்லை. பாடியவர்களில் ஒருவர் அடுத்த மாதமே வெளிநாடு போய்விட்டார். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

அதன் பிறகு வாங்கியதுதான் நாலு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் வயர்) இன்புட் உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக் சத்தத்தைக் கொம்பியூட்டருக்கு அனுப்பும் பெட்டி. மூன்று வருடமாக இதைத்தான் பாவிக்கிறேன். நாலு மைக்கும் ஒரே கடிகாரத்தில் ஓடி, நாலு தனித் தடமாகப் போகின்றன. பதிவுக்கு ரீப்பர் என்ற மென்பொருள். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனியாளுக்கான உரிமம் 60 டொலர். நாலு தடத்துக்கும் இன்புட் 1 முதல் 4 வரை ஒவ்வொன்றாக, மோனோவாகத் தெரிவு செய்ய வேண்டும். ஸ்டீரியோவில் விட்டால் இரண்டு மைக் ஒரே தடத்தில் போய் விழும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் தரத்தில் நாலு தடமும் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 2 ஜிபி வரும். எட்டு ஜிபி ராம் உள்ள என் பழைய லப்டொப் இதுவரை மூச்சு வாங்கவில்லை.

எந்த மைக் எங்கே என்பதுதான் அதிக காலம் எடுத்தது. மத்தளத்துக்கு ஷூர் எஸ்எம்57 இரண்டு, வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒன்று, இடந்தலைக்கு (இடப்பக்கத் தோல்) ஒன்று. 1965இல் வந்த மைக் அது, பலத்த அடிக்கும் அசையாது. முதல் நாள் கேட்டபோது இரண்டையும் தனித்தனியாகத் திறந்தால் நல்ல சத்தம், சேர்த்துத் திறந்தால் மத்தளம் வெறும் தகரம். பெரியப்பா கேட்டுவிட்டு, “மனே, இது என்ட கை இல்ல” என்றார். ஒரு பக்கத் தோலை அடிக்கும்போது அது உள்ளே போகிறது, உள்ளே அடைபட்ட காற்று மறுபக்கத் தோலை வெளியே தள்ளுகிறது. ஆகவே இரண்டு மைக்கும் ஒரே அடியை எதிர் எதிராகப் பிடித்து, ஒன்றின் அடித்தொனியை மற்றது தின்றுவிடுகிறது. ரீப்பரில் ஒரு தடத்தின் துருவத்தை மாற்றும், அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினேன். தொம் என்று இறங்கியது சத்தம். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

பாட்டுக்கு முதலில், நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் போட்டேன். அது வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரம் கேட்கும், இன்டர்ஃபேஸில் ஒரு சுவிட்ச் போட்டால் நாலு இன்புட்டுக்கும் சேர்ந்தே போகும். எஸ்எம்57 போன்ற, மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்குக்கு, வயர் சரியாக இருந்தால், அதனால் கெடுதல் இல்லை. பிரச்சினை வேறு. கண்டென்சர் எங்கள் வீதி முழுவதையும் கேட்டது. காகம், கடல், பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு, பக்கத்து வீட்டு மின்விசிறி, எல்லாவற்றுக்கும் மேலாக மத்தளம். தூரமும் சேர்ந்து குழப்பும். ஒலி ஒரு மில்லிசெக்கனில் சுமார் 35 சென்ரிமீற்றர்தான் போகும். மத்தளத்தில் இருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி இருக்கும் மைக்குக்கு அதே அடி 4 மில்லிசெக்கன் பிந்திப் போய்ச் சேர்ந்து, எல்லாம் குழாய்க்குள் இருந்து வருவது போலக் கேட்கும்.

இதற்கு ஒலிப்பதிவாளர்கள் சொல்லும் மூன்றுக்கு ஒன்று கணக்கு உண்மையிலேயே உதவியது. வாய்க்கும் மைக்குக்கும் 20 சென்ரிமீற்றர் என்றால், அடுத்த மைக் அதிலிருந்து குறைந்தது 60 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். இப்போது பாடுகிறவருக்கும் பிற்பாட்டுக்காரருக்கும் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் தான், வாய்க்குக் கிட்ட. மைக்கின் முதுகு மத்தளத்தைப் பார்க்கும்படி ஆட்களை எதிரெதிரே இருத்துகிறேன். அப்படி இருந்தால் அவர்களும் முகம் பார்த்துப் பாடலாம், ஹெட்போனும் தேவையில்லை.

சல்லரிக்கு மைக்கே வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போனது. அதற்கு ஐந்தாவது இன்புட் வேண்டுமே என்று எட்டு இன்புட் இன்டர்ஃபேஸ் வாங்கப் பணம்கூடச் சேர்த்தேன். ஆனால் சல்லரி அந்தச் சின்ன அறையில் நாலு மைக்கிலும் தானாகவே வந்து உட்காரும். அடிப்பவரைக் கதவடிக்கு நகர்த்தினால் குறையும், பாட்டுக்காரர் பக்கம் கொண்டுவந்தால் கூடும். சேர்த்த பணத்தில் மைக் ஸ்டாண்டும் நல்ல வயரும் வாங்கினேன்.

சத்தத்தின் அளவை, எல்லோரும் உச்சமாகப் போகும் இடத்தைப் பாட, அடிக்கச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். நான் ரீப்பரின் மீற்றரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைக்கிறேன் (பூச்சியம்தான் எல்லை). ஒத்திகையில் மெதுவாகப் பாடுகிறவர் சூடு ஏறியதும் இரண்டு மடங்கு குரல் எடுப்பார். வெடித்துப்போன பதிவை ஒருவராலும் திருத்த ஏலாது.

மூன்று வருடத்தில் வந்த கோளாறுகள் மூன்று. ஒன்று, ம்ம் என்ற இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்தத் தொனியேதான். லப்டொப் ஒரு பிளக்கிலும் இன்டர்ஃபேஸ் அடுத்த சுவர்ப் பிளக்கிலும் இருந்ததால் வந்தது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றியதும் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சத்துக்கு, பதியும் நேரத்தில் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டுகிறேன். எர்த் கம்பியை வெட்டச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, உப்புக் காற்று. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எக்ஸ்எல்ஆர் முனைகள் மங்கிப் போகின்றன. நவம்பரில் மழை தொடங்கினால் கண்டென்சர் பொரிகிற மாதிரிச் சத்தம் போடும். இப்போது மைக் எல்லாம் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன, பொரியல் நின்றுவிட்டது. மூன்றாவது, இரண்டாம் இன்புட்டின் குமிழ் திருகும்போது கரகரக்கிறது. பதியும் நடுவில் அதைத் தொடாமல் சமாளிக்கிறேன்.

இதுவரை பதினொரு அமர்வு பதிந்திருக்கிறோம். வருகிற மாதம் பெரியப்பாவின் பழைய கூட்டாளிகள் வீட்டு முற்றத்திலேயே, வட்டக் களரி (கூத்தாடும் வட்ட அரங்கு) மாதிரி இருந்து பாடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக 10 மீற்றர் எக்ஸ்எல்ஆர் வயர் நாலு வாங்கி வைத்திருக்கிறேன். அந்தத் தூரத்துக்குச் சத்தம் குறையாது. காற்றுக்குத்தான் ஏதாவது செய்ய வேண்டும், மைக் தலைக்குப் போடும் பஞ்சு உறை இரண்டுதான் கையில் இருக்கிறது.