அத்திக் குச்சியும் குட்டி ஈயும்: எந்த வைத்தியம் தேறும்?

சீமை அத்திக் குச்சி வேர் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். இலை அதற்கு முன்பே வந்துவிடும். குச்சிக்குள் இருக்கிற சேமிப்பை வைத்தே இரண்டு மூன்று இலை விட்டுவிட்டு நம்மை ஏமாற்றும். கீழே ஒரு வேர்கூட இருக்காது. அந்த இலையைப் பார்த்த சந்தோஷத்தில் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவோம். வினை அங்கேதான் தொடங்குகிறது. பத்து நாள் கழித்துக் கப்பைக் கையில் எடுத்தால் குப்பென்று நாலைந்து கறுப்புப் பூச்சி கிளம்பும். பார்க்கக் கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. 2, 3 மில்லிமீட்டர்தான். ஒழுங்காகப் பறக்கவும் தெரியாது, மண்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். மாடித்தோட்டக்காரர்கள் ஃபங்கஸ் நேட் என்று சொல்வது இதைத்தான்.

ஈயால் செடிக்கு ஒன்றும் ஆகாது. அது போடுகிற 100, 200 முட்டையிலிருந்து வரும் புழுதான் சிக்கல். கண்ணாடி மாதிரி உடம்பு, பளபளவென்று கறுப்புத் தலை. மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்ளேயே குடியிருக்கும். மக்கு, பாசி, பூஞ்சை இதெல்லாம் அதற்குச் சாப்பாடு. கூடவே இளம் வேர்த்தூவியையும், குச்சியின் வெட்டுவாயில் திரளும் வெள்ளைச் சதையையும் கடிக்கும். கடித்த இடத்தில் அழுகல் நோய் ஏறும். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு வாரம். அதாவது, குச்சி வேர்விட எடுக்கும் காலமும் பூச்சி ஒரு தலைமுறை பெருகும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

போன ஐப்பசியில் 12 குச்சி நட்டேன், 5 போய்விட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது, வேகவைத்த பனங்கிழங்குத் தோல் போலப் பட்டை அப்படியே கையோடு உருவிக்கொண்டு வந்தது. உள்ளே மூன்று புழு. புழு வந்து அழுகியதா, அழுகிய பிறகு புழு வந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நான் ஊற்றிய தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. இன்னொரு தப்பு, நர்சரி ஒன்றில் வாங்கிய மண்புழு உரத்தைக் கலவையில் சேர்த்தது. பையைப் பிரித்தபோதே உள்ளிருந்து இரண்டு ஈ பறந்தது. பார்த்தும் கொட்டினேன்.

அதனால் கீழே உள்ள ஒவ்வொரு வைத்தியத்தையும் இரண்டு கேள்வியில் நிறுத்திப் பார்க்கிறேன். அது ஈயைக் கொல்கிறதா, புழுவைக் கொல்கிறதா? வேரில்லாத குச்சி அதைத் தாங்குமா? மூன்று வருஷச் செடிக்குச் சொல்லும் வைத்தியத்தைக் குச்சிக்குச் செய்தால் பூச்சியோடு சேர்ந்து குச்சியும் போகும்.

மஞ்சள் ஒட்டுப்பொறி எல்லோரும் முதலில் வாங்குவது. அட்டை நிறைய ஈ ஒட்டியிருக்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் ஒட்டுவதற்கு முன்பே பல ஈக்கள் முட்டை போட்டிருக்கும். கூட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணக்குப் பார்க்கத்தான் அது. அந்தக் கணக்குக்கும் உருளைக்கிழங்குத் துண்டு ஒரு படி மேல். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வில்லை வெட்டி மண்மேல் கவிழ்த்து வையுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ திருப்பினால், புழு இருக்கிற கப் எது, இல்லாத கப் எது என்று தெரிந்துவிடும். காடிக் கிண்ணம் வைப்பது பழ ஈக்கான வேலை, அதை விட்டுவிடலாம்.

‘மண்ணை நன்றாகக் காயவிடு’ என்பார்கள். ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் இதைவிட நல்ல யோசனை கிடையாது. கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், நிற்கும் அத்திக் குச்சிக்கு அது அரைகுறை யோசனை. கோகோபீட் ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் சுருங்கி, கப்பின் ஓரத்தை விட்டு விலகும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேராகக் கீழே ஓடிவிடும், நடுவில் ஈரம் ஏறாது. அப்போதுதான் எட்டிப் பார்த்த வேர் அங்கேயே கருகும்.

எனக்குக் கைகொடுத்தது மேலே காய்ச்சல், அடியில் ஈரம். கலவைமேல் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குக் கழுவிய பருமணல் அல்லது பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த லேசான வெள்ளை மணி). எம்-சாண்டாக இருந்தால் தூள் போகும்வரை அலச வேண்டும், இல்லையென்றால் சிமென்ட் பூசியது போல இறுகிக்கொள்ளும். தண்ணீர் அடியிலிருந்து மட்டும்: கப்பைத் தட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, எடுத்து, வடியவிட வேண்டும். மணலைப் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் மேலேயே ஊற்றினால் மணல்மேல் பாசி படியும், ஈ மறுபடி வந்து உட்காரும். இதில் ஒரு ஓட்டை உண்டு, நிஜமாகவே ஓட்டை: கப்பின் அடித்துளை. மேலே வழி அடைத்தால் சில ஈ அந்த வழியாகப் போய் வரும். பழைய வேட்டித் துணியை ஒரு வட்டம் வெட்டி உள்ளே அடியில் போட்டுவிட்டுக் கலவையை நிரப்பினேன், ஓரளவு நின்றது.

உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழுவுக்கு மணல் ஒன்றும் செய்யாது. அங்கேதான் ஹைட்ரஜன் பெராக்சைடா, பி.டி.ஐ. என்கிற பாக்டீரியாவா என்ற கேள்வி வருகிறது. பெராக்சைடின் கவர்ச்சி அது மருந்துக் கடையிலேயே கிடைப்பதும், ஊற்றியதும் நுரைப்பதும். பட்ட புழு சாகும். ஆனால் மக்கு, வேர்த்தூவி எல்லாவற்றோடும் அது வினைபுரியும். கொஞ்ச நேரத்தில் வெறும் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். நாளைக்குப் பொரிக்கும் முட்டைக்கு அதனால் ஒரு தடையும் இல்லை. வாரா வாரம் ஊற்றினால் இளவேர்தான் அடி வாங்கும். இன்னொன்று, வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர்’ என்று வருவது 3 சதவீதக் கரைசலுக்கு. நம்மூர் பாட்டிலில் பெரும்பாலும் 6 சதவீதம் என்று இருக்கும். லேபிளைப் பாருங்கள்; 6 என்றால் ஒன்றுக்கு ஒன்பது. நான் இதை ஒரே ஒருமுறை, புழு மொய்த்த கப்புக்கு மட்டும் அவசரத்துக்கு ஊற்றுவேன்.

பி.டி.ஐ. என்பது 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையிலிருந்து கண்டெடுத்த பாக்டீரியா. பெயரிலேயே இஸ்ரேலென்சிஸ் என்று இருக்கும். கொசுப்புழுவை ஒழிக்கச் சாக்கடையிலும் குளத்திலும் தெளிப்பது இதைத்தான். புழு தின்ன வேண்டும், தின்றால் குடல் கிழிந்து சாகும். வேர், குச்சி, மண்புழு எதற்கும் கெடுதல் இல்லை. வேரில்லாத குச்சிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. குறை என்னவென்றால் பொறுமை வேண்டும். முட்டை, கூட்டுப்புழு, ஈ மூன்றையும் அது தொடாது, மண்ணில் சில நாள்தான் வீரியம். அதனால் வாரம் ஒருமுறை, விடாமல் மூன்று நாலு வாரம் கொடுக்க வேண்டும். உரக்கடையில் ‘பி.டி. கொடுங்க அண்ணா’ என்று மட்டும் கேட்டால் குர்ஸ்டாகி என்ற வகையை எடுத்துக் கொடுப்பார்கள். அது காய்ப்புழு, இலைப்புழுவுக்கு. இந்த ஈயின் புழு அதைத் தின்றுவிட்டு நன்றாகவே இருக்கும். நான் ஒரு பாக்கெட் அப்படி வீணாக்கியிருக்கிறேன்.

வேம்பு விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. வேப்பம் புண்ணாக்கைக் குச்சி வைத்த கப்பில் மேலே தூவாதீர்கள். ஈரம் பட்டதும் அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். ஈக்கு அதுவே விருந்து. வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுக்கும் அசாடிராக்டின் கரைசல் வேறு கதை. புழு தோலுரிப்பதைக் கெடுக்கும், வேர் பிடித்த செடிக்கு லேபிள் அளவில் ஊற்றலாம். வெறும் வேப்பெண்ணெயைச் சோப்பில் கலக்கி வெட்டுவாய் இருக்கும் மண்ணில் ஊற்ற எனக்குத் துணிவு வரவில்லை. லவங்கப்பட்டைத் தூள் தூவுவது வாசனைக்கு நல்லது.

நூற்புழு இன்னொரு வழி. ஈயின் புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும் நுண்ணிய புழு அது. மேலைநாடுகளில் இந்த ஈக்குப் பேர்போனது ஸ்டெய்னர்நிமா ஃபெல்டியே, ஆனால் அது குளிர்ந்த மண்ணில் வேலை செய்யும் இனம். நம்மூரில் எளிதாகக் கிடைப்பது 1992ல் கோயம்புத்தூர் மண்ணிலிருந்து உலகத்துக்கு அறிமுகமான ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா. சூடு தாங்கும், வேர்ப்புழுவுக்கென்று விற்கிறார்கள். உயிருள்ள சரக்கு என்பதால் வாங்கியதும் சீக்கிரம் பயன்படுத்த வேண்டும். பத்துக் கப்புக்காக அதை வாங்குவது எனக்குக் கட்டுப்படியாகாது. நூறு பை வைத்திருப்பவர் யோசிக்கலாம்.

இந்த முறை 10 குச்சி. கலவையில் கழுவிய கோகோபீட்டும் பெர்லைட்டும் மட்டும். குச்சிக்கு வேர்விடும்வரை உரம் தேவையே இல்லை. மேலே மணல், அடியில் தண்ணீர், வாரம் ஒரு பி.டி.ஐ., மூலையில் கணக்குக்கு ஒரு மஞ்சள் அட்டை. கப் கனமாக இருந்தால் அன்று தண்ணீர் கிடையாது, இலை எவ்வளவு சோர்ந்து முகம் காட்டினாலும் சரி. ஐந்தாம் வாரம் முடிந்தபோது ஏழு கப்பின் ஓரத்தில் வெள்ளை வேர் தெரிந்தது. அட்டையில் போன வாரம் 9 ஈ, இந்த வாரம் 2. மண்புழு உரப் பையை இன்னும் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. கறுப்புப் பாலிதீனில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டிருக்கிறேன்.